கான்டெசாவின் மோவாய்

தாம்பரம் சிக்னலில் அரை மணி நேரம் நின்றாலும் வெப்பமுள் அசையாது. செங்கல்பட்டு தாண்டி, சாலை விரிந்து, வண்டி 90ஐத் தொட்டதும் ஏறத் தொடங்கும். மதுராந்தகம் ஏரிக்கரை வரும்போது முக்கால். அச்சிறுபாக்கம் பக்கத்தில் ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, சூடு தணியும்வரை மரத்தடியில் நிற்க வேண்டும். வாத்தியார் இதைச் சொன்னபோது அவர் குரலில் எரிச்சல் இல்லை, வெட்கம்தான் இருந்தது. "பேரப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கறேன் மேஸ்திரி" என்றார்.

அவர் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வண்டி, இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போட்ட கான்டெசா. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் கம்பெனி 1970களில் செய்த காரின் உடலை எடுத்து, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை இங்கே கட்டிய வண்டி. நீண்ட பானட், செங்குத்தான முகம். அந்த நாளில் கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் சினிமாக்காரர்கள் வீட்டு வாசலிலும் நின்றது. இப்போது ஒரு கான்டெசா ஓடும் நிலையில் பட்டறைக்குள் வந்தால் என் பையன்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்க்கிறார்கள். அதைக் கண்டிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நெரிசலில் முள் ஏறினால் விசிறியைப் பார், ஓட்டத்தில் ஏறினால் தண்ணீரையும் காற்றையும் பார் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார். வாத்தியார் ஏற்கெனவே ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்திருந்தார். தெர்மோஸ்டாட் புதிது, வாட்டர் பம்ப் புதிது, ஹோஸ்கள் புதிது. தண்ணீர்ப் பக்கம் குறையில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு முன்னால் மல்லாந்து படுத்தேன். பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

பம்பருக்குக் கீழே இருக்க வேண்டிய தகடு இல்லை. எப்போதோ முன்பக்கம் அடிபட்டிருக்கிறது. வேலை பார்த்த பட்டறை நெளிந்த தகட்டை அறுத்து எறிந்துவிட்டு, அறுத்த இடத்தில் கறுப்பு பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறது. துருவேறிய இரண்டு காதுகள் மட்டும் மிச்சம். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. தெரியாத இடத்தில் செய்யும் வேலைதான் ஒரு டிங்கரின் வேலை என்று நான் நம்புகிறேன். அதனால் அந்தக் கறுப்பு பெயின்டைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது.

ரேடியேட்டருக்கு முன்னால் காற்று வந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வந்த காற்று வெளியே போகவும் வேண்டும். கிரில் வழியாக நுழைந்து, ரேடியேட்டரைத் துளைத்து, இன்ஜினைச் சுற்றி, வண்டிக்கு அடியில் இறங்கி வெளியேறுவது அதன் பாதை. கீழ்த்தகடு இல்லாத வண்டியில் பம்பருக்குக் கீழே ஒரு பெரிய வாய் திறந்திருக்கிறது. வேகம் பிடித்ததும் காற்று அந்த வாய் வழியே நேராக இன்ஜினுக்கு அடியில் புகுந்து இடத்தை நிரப்பிவிடுகிறது. ரேடியேட்டரைக் கடந்து வர வேண்டிய காற்றுக்கு இறங்க இடம் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டவர்கள் எழுந்து வரும் வாசலிலேயே அடுத்த பந்திக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்? அதேதான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இந்த நெரிசல் இல்லை, விசிறி இழுப்பது போதும். வேகம் கூடக் கூடத்தான் வாசல் அடைபடுகிறது.

ஏர் டேம் என்பது அந்தக் கீழ்வாயை அடைக்கும் தடுப்பு. அடைப்பதோடு நிற்காமல், தன் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடத்தையும் உண்டாக்குகிறது. ரேடியேட்டரைக் கடந்த சூடான காற்று அந்த இடத்தை நோக்கி இழுபடும். அமெரிக்காவில் 1982 முதல் 1992 வரை வந்த கமாரோ கார்களில், அடியில் தொங்கும் அந்தப் பிளாஸ்டிக் தடுப்பு பிய்ந்து போனால் ஹைவேயில் இன்ஜின் கொதிக்கும். அந்த ஊர் மெக்கானிக்குகளுக்கு இது பழகிப்போன நோய். இன்னொரு பயனும் உண்டு: அடியில் புகும் காற்று குறைந்தால் முன்பக்கத்தைத் தூக்கும் விசையும் குறையும். போர்ஷே 1972 மாடல் 911 எஸ் காருக்கு மோவாய் போல ஓர் உதடு வைத்தது அதற்காகத்தான்.

நான் முதலில் பார்த்த ஏர் டேம் அலுமினியத்தில் இருந்தது. 1980களின் நடுவில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி என்னை சோழவரத்துக்கு அழைத்துப் போவார். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது 1990இல்தான். அன்று ஒரு காரின் முகத்துக்குக் கீழே அலுமினியத் தகட்டை மடித்து பாப் ரிவெட் அடித்திருந்தார்கள். ஒழுங்கான வளைவு கிடையாது, பெயின்ட் கிடையாது, சுத்தியல் தடம்கூட அப்படியே இருந்தது. அழகுக்கு வைத்ததாக இருக்க முடியாது என்று அந்த வயதிலேயே தோன்றியது. மேஸ்திரியிடம் கேட்டேன். "வண்டி ஓடுறப்ப மூக்கு மேல எழும்புதுடா, அதைப் பிடிச்சு உட்கார வைக்கத்தான்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. சொன்னது சரி.

கான்டெசாவின் கீழ்த்தகடு எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் போன் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: தகட்டை நானே அடித்துவிடுவது, அதன் அடியில் வேறு ஏதாவது வண்டியின் ஏர் டேமைக் கொண்டுவந்து மாட்டுவது. வெறும் தகட்டை மட்டும் பழைய இடத்தில் வைத்தாலே பாதி நோய் தீரும். ஆனால் இன்று அந்த வண்டி ஓடுவது நான்கு வழிச்சாலையில், ஏசி போட்டு, மணிக்கு 100 கிலோமீட்டரில். கூடுதலாக நான்கு விரல் இறக்கம் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

புதுப்பேட்டைக்குப் போனேன். எழும்பூரை ஒட்டி, கூவம் கரையோரம், சந்துக்குச் சந்து கழற்றிய வண்டிகளின் உறுப்புகள். கதவு ஒரு கடையில், கியர் பாக்ஸ் ஒரு கடையில், ஹெட்லைட் மட்டும் ஒரு கடையில். அங்கே பொருள் வாங்கப் போகிறவன் கையில் டேப் மட்டும் கொண்டுபோனால் போதாது. நான் கான்டெசாவின் முகத்து வளைவை அட்டையில் வெட்டி எடுத்துப் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த பாய், "கான்டெசாவுக்கு எதுண்ணே டேமு? சரி, அகலமா ஏதாவது பார்க்கலாம் வாங்க" என்று மாடிக்கு அழைத்துப் போனார். உத்தரத்தில் கயிறு கட்டி வாழைத்தார் போலப் பம்பர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாலாவதாக ஓப்பல் ஆஸ்ட்ராவின் பம்பர். அதன் அடியில் கறுப்பு உதடு, ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் உயரம். ஆஸ்ட்ரா இங்கே 1996இல் வந்த வண்டி. அகலத்தில் கான்டெசாவும் அதுவும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் 1.7 மீட்டருக்குப் பக்கம்.

அளவு பொருந்துவது வேறு, வளைவு பொருந்துவது வேறு. அட்டையை வைத்துப் பார்த்தேன். ஆஸ்ட்ராவின் முகம் வில் போல வளைந்து இரு பக்கமும் பின்வாங்கும். கான்டெசா முகம் பலகை போல நேராக வந்து ஓரத்தில் திரும்பும். இரு நுனிகளையும் அட்டையின் நுனிகளோடு ஒட்டினால் நடுவில் உதடு நான்கு விரல் முன்னே துருத்தி நின்றது. போதாததற்கு இடப்பக்கம் ஒரு விரிசல். வாங்கலாமா என்பதை முடிவு செய்ய இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது: இது என்ன பிளாஸ்டிக்?

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அச்சில் வார்த்த எழுத்து இருக்கும். 'பிபி' என்று இருந்தால் பாலிப்ரொப்பிலீன், சூட்டுக்கு வளையும். என் துண்டில் அழுக்கு மூடி எழுத்து தெரியவில்லை. ஓரத்தில் கத்தியால் ஒரு சீவல் சீவி டீ கிளாஸ் தண்ணீரில் போட்டேன். மிதந்தது. சீவலைக் கொளுத்தினேன். கரும்புகை இல்லாமல், மெழுகுவத்தி அணைந்த வாசனையோடு எரிந்தது. பாலிப்ரொப்பிலீன்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் தண்ணீரில் மூழ்கும், எரித்தால் கரித்தூள் பறக்கும். கண்ணாடி நார் என்றால் வளைக்கவே முடியாது. பாயிடம் உதட்டோடு சேர்த்து உடைந்த பம்பரில் ஒரு சாண் துண்டும் கேட்டு வாங்கினேன். அது எதற்கு என்று கூட வந்த பட்டறைப் பையன் கேட்டான். விரிசலை வெல்டு செய்ய வேறு குச்சி வாங்கத் தேவையில்லை, அதே பம்பரை மெல்லிய பட்டையாக அறுத்து உருக்கினால் உறவு முறியாமல் ஒட்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 1990களின் கடைசியில் ஒரு மாருதி 800க்கு ஒருவர் வேறு வண்டியின் உதட்டைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார். விரிசல் இருந்தது. என்ன பிளாஸ்டிக் என்று பார்க்காமல் ரெசின் ஊற்றி, கண்ணாடி நார் வைத்து, பட்டி பார்த்து, பெயின்டும் அடித்துக் கொடுத்தேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. மூன்றாம் வாரம், நன்றாகக் காய்ந்த கல்லிலிருந்து தோசை கழல்வது போல மொத்த ஒட்டும் ஒரே பாளமாகக் கழன்று வந்துவிட்டது. பாலிப்ரொப்பிலீனில் ரெசின் பிடிக்காது, சாதாரண பெயின்டும் பிடிக்காது. அத்தோடு நான் இரும்பில் ஓட்டை போடுவது போல வட்டமாகத் துளைத்து இறுக்கி முடுக்கியிருந்தேன். உச்சி வெயிலில் அந்த உதடு அலை அலையாக நெளிந்தது. ஒன்றரை மீட்டர் நீளத் துண்டு விடியற்காலைக் குளிருக்கும் தார்ச்சாலை வெயிலுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் வரை நீளும். இரும்பு அப்படி நீளாது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் நீளுகிறவன்தான் நெளிய வேண்டும். அந்த வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர் பிறகு வரவில்லை.

கான்டெசாவுக்கு முதலில் தகடு அடித்தேன். 20 கேஜ் இரும்புத் தகடு, கீழ் விளிம்பை உள்பக்கமாக மடித்து, நடுவில் இரண்டு நீள வரி கொடுத்தேன். வரி இல்லாத தகடு ஓட்டத்தில் அதிரும். மிச்சமிருந்த காதுகளின் துருவைச் சுரண்டி, புதுக் காது வைத்து, தகட்டை ஆறு போல்ட்டில் நிறுத்தினேன். வெல்டு வைக்கவில்லை. பழைய வண்டியில் நான் சேர்க்கும் எதுவும் ஸ்பேனரால் கழன்று வர வேண்டும், கழற்றினால் வண்டி பழைய வண்டியாக நிற்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் உடலை வெட்டியிருக்க மாட்டேன்.

பிறகு விரிசல். விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை. அது இல்லாமல் எவ்வளவு வெல்டு வைத்தாலும் கோடு நகர்ந்துகொண்டே போகும். இரு பக்கமும் பள்ளம் சீவி, சூடான காற்றுக் குழாயால் உருக்கி, பம்பர்ப் பட்டையை உள்ளே இழைத்தேன். நூல் கோப்பது போல நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. அவசரப்பட்டால் மேலே உருகியும் அடியில் ஒட்டாமலும் நிற்கும்.

வில்லை நிமிர்த்துவதற்கு ஒரு முழு நாள் ஆனது. கான்டெசாவின் வளைவில் ஒரு மரப்பலகையை அறுத்து அச்சாக வைத்துக்கொண்டேன். ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டக் கூடாது, விபூதி பூசுவது போல அகலமாக, இரு முகத்திலும், போய்ப் போய் வர வேண்டும். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். அதற்குக் கொஞ்சம் முன்னால், மங்கலாக இருந்த முகத்தில் ஒரு மினுக்கம் தட்டும். அந்தக் கணம் கையை நிறுத்தி, பலகையோடு அழுத்தி, ஈரச்சாக்கு போட்டு ஆற விட வேண்டும். ஆறும் முன் விட்டால் தன் பழைய வளைவுக்கே திரும்பிப் போகும். ஒரு சாண் முடிந்ததும் அடுத்த சாண். என் பையன் ஒருவன் இரண்டாவது சாணில் பொறுமை இழந்து கையை எடுத்துவிட்டான். அது திரும்பவும் சுருண்டது. "நாம சொன்னதை அது மறந்துடுச்சுண்ணே" என்றான். அவனையே மறுபடியும் செய்ய வைத்தேன், இரண்டாம் தடவை சரியாக வந்தது.

வில்லை நிமிர்த்தினால் நுனிகள் வெளியே போகும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, டயர் எங்கே வரும் என்று சாக்பீஸில் குறித்து, இரு நுனியையும் வெட்டினேன். டயருக்கு முன்னால் வேண்டுமென்றே கொஞ்சம் இடைவெளி விட்டேன், பிரேக் டிஸ்க்குக்கும் காற்று வேண்டும். பெயின்ட் அடிக்கவில்லை. வெயிலில் சாம்பல் பூத்த முகத்தில் ஹீட் கன்னை லேசாக ஓட்டியதும் பழைய கறுப்பு தானாக மேலே வந்தது.

எத்தனை போல்ட் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. வாத்தியார் என் பில் புத்தகத்தின் பின் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினார். மணிக்கு 100 கிலோமீட்டரில் அந்த உதட்டின் மேல் காற்று தள்ளுவது சுமார் 6 கிலோ எடைக்குச் சமம். 50இல் ஒன்றரை கிலோதான். வேகம் இரட்டித்தால் தள்ளல் நான்கு மடங்கு. 120இல் எட்டரை கிலோவைத் தாண்டும். முப்பது வருடமாகக் கைப்பழக்கத்தில் போல்ட் போட்டவன் நான். அந்த எண்களைப் பார்த்தபோது எனக்குப் புதுக் கண் கிடைத்தது போல் இருந்தது. அந்த அட்டையைக் கிழித்து இன்றும் டூல் பெட்டியின் மூடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

காற்றின் 6 கிலோ பெரிய விசை இல்லை. கல்லோ வேகத்தடையோ மோதினால் வருவதுதான் பெரிய விசை. அதனால் உதட்டைத் தகட்டோடு சேர்க்க ஒன்பது நைலான் போல்ட்டுகள், 6 மில்லிமீட்டர். காற்றைத் தாங்கும், மோதினால் தானே அறுந்து உதட்டை விடுவிக்கும், தகட்டையும் அதன் பின்னால் இருக்கும் ரேடியேட்டரையும் இழுத்துக்கொண்டு போகாது. நடு ஓட்டை மட்டும் வட்டம். மற்ற எட்டும் பக்கவாட்டில் நீண்ட ஓட்டைகள், அகல வாஷர், கையால் அசைத்தால் அசையும் அளவுக்கு மட்டும் இறுக்கம். பின்னால் தகட்டிலிருந்து இரண்டு அலுமினியத் தாங்கிகள். ரேடியேட்டரின் இரு ஓரத்திலும் இருந்த சந்துகளை லாரி டியூப் ரப்பர் வெட்டி அடைத்தேன். காற்றும் நம்மைப் போலத்தான், சுலபமான வழி இருந்தால் அதில் போய்விடும்.

உயரத்துக்கு நான் பட்ட கவலை அதிகம். வெறும் வண்டியில் உதட்டின் அடி தரையிலிருந்து 18 சென்டிமீட்டர். ஆட்களும் சாமானும் ஏறினால் 2 போகும். பிரேக் மிதித்தால் மூக்கு இன்னும் 5 இறங்கும். மிச்சம் 11. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அந்த அளவில் போட்டால் இந்த வண்டி தாண்டும். நம் தெருக்களில் பல தடைகள் அந்த அளவில் இல்லை, செங்குத்தாகச் சுவர் போல நிற்கின்றன. அதனால் உதட்டை மாட்டுவதற்கு முன்னால், தகட்டின் அடியில் உதட்டின் உயரத்துக்குத் தெர்மாகோல் பட்டை ஒட்டி, நூலால் கட்டி, வாத்தியாரை ஒரு வாரம் அவர் வழக்கமாகப் போகும் பாதைகளில் ஓட்டச் சொன்னேன். திரும்பி வந்தபோது தெர்மாகோல் இடப்பக்கம் தேய்ந்திருந்தது. அவர் வீட்டு வாசல் சாய்தளம்தான் காரணம். இடப்பக்கத்தை ஒரு விரல் குறைத்து அறுத்தேன். "மேட்டுக்கு முன்னாடியே பிரேக் போட்டு முடிச்சிருங்க சார், ஏறுறப்ப காலை எடுத்துருங்க. மூக்கு தானா எழும்பிக்கும்" என்றேன்.

முடுக்கிய மறுநாள் அவரும் நானும் திண்டிவனம் வரை போனோம். ஏசி போட்டு, 100இல். மதுராந்தகம் ஏரிக்கரையில் இருவரும் பேசவில்லை, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாதிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அச்சிறுபாக்கம் தாண்டினோம். அப்படியே நின்றது. ஸ்டியரிங்கிலும் ஒரு மாற்றம் இருந்தது. முன்பு 100க்கு மேல் லேசாக மிதப்பது போலிருந்த முன்பக்கம் இப்போது கைக்குள் இருந்தது. ஏர் டேம் ஒன்றே இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். தகடும் ரப்பரும் பெரிய பங்கு. ஆனால் உதட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பும்போது ஓட்டிப் பார்த்தோம், முள் அதைவிட ஒரு கோடு மேலே போய் நின்றது. அந்த ஒரு கோட்டை என் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. வாத்தியாரும் மறுக்கவில்லை, சாலையோரத்தில் எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து வந்தார். பின்சீட்டில் பழைய வேட்டியில் சுற்றி ஏர் டேம் கிடந்தது. ஒரு கிராமச் சாலையில் இரவோடு இரவாகப் போட்ட வேகத்தடை, வெள்ளைக் கோடுகூட அடிக்கவில்லை. ஒன்பது நைலான் போல்ட்டில் ஏழு அறுந்திருந்தன. தகட்டில் கீறல் இல்லை. உதட்டின் விளிம்பில் ஒரு விரல் நீளம் சிராய்ப்பு. நான் வெல்டு வைத்த இடம் அப்படியே இருந்தது. அதைத்தான் முதலில் தடவிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் மாட்டிவிட்டு, இன்னும் பத்து நைலான் போல்ட்டுகளையும் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரையும் கவரில் போட்டு டேஷ்போர்டு பெட்டியில் வைத்தேன். வாத்தியார் கவரை வெளியே எடுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, அதன் மேல் 'மோவாய்' என்று எழுதி மறுபடி உள்ளே வைத்தார்.